திரும்பி வரும் உரிமை

கணிப்பொறியின் முன் அமர்ந்து ஒரு காரியத்தை நிறைவேற்றிக்கொள்ள விரும்புகிற மனிதரிடம் இயந்திரம் எத்தனை கேள்விகள் கேட்கலாம், அவற்றை எந்தக் கிரமத்தில் கேட்க வேண்டும், பாதி வழியில் அவர் மனம் மாறினால் என்ன செய்ய வேண்டும் என்பவை மேலோட்டமாகப் பார்க்கும்போது சாமானியமான விஷயங்களாகவே தோன்றும். ஆனால் சாளரங்களையும் பொத்தான்களையும் அமைப்பதற்கான டூல்கிட்களை எழுதியவர்கள் இவற்றுக்காகச் செலவிட்ட சிந்தனை கொஞ்சமல்ல. புதிய பிரிண்டரை இணைத்தவரும், ஒரு மென்பொருளை நிறுவியவரும், மின்னஞ்சல் கணக்கை முதன்முதலாக அமைத்தவரும், அடியில் ‘பேக்’, ‘நெக்ஸ்ட்’, ‘கேன்சல்’ என்ற பொத்தான்கள் வரிசையாக நிற்க, பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டுக்கொண்டே போகிற ஒரு சிறு சாளரத்தைச் சந்தித்திருப்பார்கள். புரோகிராம் எழுதுவோர் அதை விஸார்டு என்பார்கள். பயனரை முன்னே அழைத்துச் செல்வது இந்த விஸார்டின் வேலையில் எளிய பாதிதான். எந்த நிமிஷத்திலும் அவர் சேதமில்லாமல் திரும்பி வருவதற்கு வழி வைத்திருப்பதே அதன் கடினமான பாதி என்பதை, உண்மையான ஒரு டூல்கிட்டின் உள்ளமைப்பைக் கொண்டு இந்த அத்தியாயத்தில் விளக்க முயல்வோம்.

இந்த உபாயம் பெருவழக்காக வந்தது 1990களில். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1991இல் வெளியிட்ட பப்ளிஷர் என்ற மென்பொருளில் அது ‘பேஜ் விஸார்டு’ என்ற பெயரோடு தோன்றியது. பக்கம் அமைக்கும் கலையில் சிறிதும் பயிற்சி இல்லாதவர்கூடச் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டால், ஒரு செய்தி மடலோ நாள்காட்டியோ தயாராகிவிடும் என்பது அதன் விசேஷம். மறு வருஷம் வந்த அக்ஸஸ் என்ற தரவுத்தள மென்பொருள், படிவங்களையும் அறிக்கைகளையும் உருவாக்குவதற்கு இதே முறையைக் கைக்கொண்டது. விண்டோஸ் 95 வந்தபோது பிரிண்டரையும் புதிய வன்பொருளையும் சேர்க்கிற வேலைகள் விஸார்டின் பொறுப்பில் விடப்பட்டன. அதன்பின் மற்ற டூல்கிட்களும் ஒவ்வொன்றாக இந்த வசதியைத் தமக்குள் சேர்த்துக்கொண்டன.

விண்டோஸ் இதை எவ்வாறு உருவாக்கியது என்று பார்த்தால், விஸார்டின் இயல்பே அதில் விளங்கிவிடும். மேலே தாவல்களை வரிசையாக வைத்து, எந்தத் தாவலை வேண்டுமானாலும் அழுத்தி அதற்குரிய பக்கத்தைப் பார்க்கும்படி அமைந்த ‘பிராப்பர்ட்டி ஷீட்’ என்ற சாளரம் விண்டோஸில் உண்டு. அந்தச் சாளரத்தை உண்டாக்குகிற அதே ஃபங்ஷனுக்கு ஒரு ஃபிளாகைக் கூடுதலாகக் கொடுத்தால், தாவல்கள் மறைந்து அடியில் பேக், நெக்ஸ்ட் பொத்தான்கள் தோன்றி, அதுவே விஸார்டு ஆகிவிடுகிறது. அதாவது, விஸார்டு என்பது தாவல்களை இழந்த பிராப்பர்ட்டி ஷீட்தான். தாவல்கள் இருந்தவரை எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடாமலே விடுவது என்பதெல்லாம் பயனரின் இஷ்டமாக இருந்தது. தாவல்கள் போனதும் அந்தச் சுதந்திரமும் போய், புரோகிராம் எழுதியவர் நிர்ணயித்த கிரமத்தில் நடக்க வேண்டிய நிர்ப்பந்தம் பயனருக்கு ஏற்படுகிறது. ஒரு சுதந்திரத்தைப் பறித்துக்கொண்டவன் அதற்கு ஈடாக மற்றொன்றைக் கொடுப்பதுதான் நியாயம். அந்த ஈடுதான் பேக் பொத்தான். விஸார்டு எழுதுவதில் உள்ள சிரமங்கள் அநேகமாக அனைத்தும் இந்த ஒரு பொத்தானைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

கணித நோக்கில் பார்த்தால், பக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிலை. நெக்ஸ்டை அழுத்துவது ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் பெயர்தல். ஜார்ஜ் மீலி 1955இலும் எட்வர்ட் மூர் 1956இலும் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளால் உருப்பெற்ற ‘வரம்புள்ள நிலைப்பொறி’ என்ற கருத்தே இங்கும் பொருந்துகிறது: இருக்கும் நிலையும் கிடைத்த உள்ளீடும் தெரிந்தால் அடுத்த நிலை எது என்பது நிச்சயமாகிவிடும். எல்லாப் பக்கங்களும் ஒரே வரிசையில் இருந்தால் இதில் சிந்திக்க ஒன்றுமில்லை. ஆனால் ஆம், இல்லை என்று பதில் பெறுகிற பத்துக் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஒவ்வொரு பதிலும் ஒரு தனிக் கிளையைத் திறக்குமானால், பயனர் செல்லக்கூடிய பாதைகளின் எண்ணிக்கை 1024 ஆகிவிடும். அத்தனை பாதைகளையும் ஒருவர் நடந்து பார்த்துச் சோதிப்பது அசாத்தியம். ஆகவே, பாதைகளைத் தனித்தனியே எழுதாமல், ஒவ்வொரு பக்கமும் தனக்கு அடுத்தது எது என்பதை மட்டும் அறிந்திருந்தால் போதும் என்ற யுக்தி அவசியமாகிறது.

இந்த யுக்தியைத் தெளிவாகக் காட்டும் டூல்கிட் க்யூட். நார்வே தேசத்தில் ஹாவர்ட் நோர்டு, ஐரிக் சாம்பே-எங் என்ற இருவர் உருவாக்கி, 1995 மே மாதத்தில் முதன்முதலாகப் பொதுவில் வெளியிட்ட இந்த டூல்கிட், சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒருமுறை எழுதிய மூல நிரலை விண்டோஸிலும், மேக்கிலும், லினக்ஸிலும் கம்பைல் செய்து ஓட்டலாம் என்ற அனுகூலத்தால் புகழ்பெற்றது. அதன் முந்தைய பதிப்புகளிலும் விஸார்டு உண்டு என்றாலும், 2007இல் வெளிவந்த 4.3 பதிப்பில் அது அடியோடு புதிதாக எழுதப்பட்டது. அந்தப் புதிய அமைப்பில் இரண்டு கிளாஸ்கள் பிரதானமானவை: முழுச் சாளரத்துக்கும் உரியது க்யூவிஸார்டு, தனித்தனிப் பக்கத்துக்கு உரியது க்யூவிஸார்டுபேஜ். பக்கத்துக்குத் தலைப்பும் துணைத் தலைப்பும் கொடுத்து, அதில் வேண்டிய எழுத்துப் பெட்டிகளையும் தேர்வுக் கட்டங்களையும் அடுக்கி, ஓர் எண்ணோடு விஸார்டிடம் ஒப்படைத்துவிட்டால், பொத்தான்களை இடம் பார்த்து வைப்பதும், பக்கங்களை மாற்றிக் காட்டுவதும் விஸார்டின் பொறுப்பு.

க்யூட்டுடன் வழங்கப்படும் உதாரணங்களில் ‘லைசென்ஸ் விஸார்டு’ என்ற ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரு மென்பொருளை வாங்கியவர் அதைப் பதிவு செய்துகொள்ளவோ, 30 நாள் வைத்திருந்து பரீட்சித்துப் பார்க்கவோ அது உதவுகிறது. அறிமுகம், பரீட்சை, பதிவு, விவரம், முடிவு என்று பக்கங்கள் ஐந்து. அறிமுகப் பக்கத்தில் ‘பரீட்சித்துப் பார்க்கிறேன்’ என்பவர் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்துவிட்டு நேரே முடிவுக்குப் போய்விடுவார். ‘பதிவு செய்கிறேன்’ என்பவரிடம் பெயரும், பழைய பதிப்பிலிருந்து உயர்த்திக்கொள்வதற்கான அடையாளக் குறியீடும் கேட்கப்படும்; குறியீடு உள்ளவர் முடிவுக்குச் செல்ல, குறியீட்டுக் கட்டத்தை வெறுமையாக விட்டவர் விவரப் பக்கத்துக்குச் சென்று நிறுவனம், முகவரி முதலியவற்றைச் சொல்லிவிட்டு முடிவை அடைவார். ஆக, ஐந்து பக்கங்களில் மூன்று பாதைகள்.

இந்த மூன்று பாதைகளும் நிரலில் எங்கும் பாதைகளாக எழுதப்படவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு பக்கத்திலும் ‘நெக்ஸ்ட்ஐடி’ என்ற ஃபங்ஷன் ஒன்று இருக்கிறது. அது தனக்கு அடுத்த பக்கத்தின் எண்ணைத் திருப்பித் தர வேண்டும், அடுத்தது இல்லையென்றால் -1 என்று தர வேண்டும். பதிவுப் பக்கத்தின் நெக்ஸ்ட்ஐடி, குறியீட்டுக் கட்டம் வெறுமையா என்று பார்த்து இரண்டு எண்களில் ஒன்றைச் சொல்கிறது, அவ்வளவே. இந்த ஃபங்ஷனை எழுதுகிறவர் ஒரு நியதியை மறந்துவிடக் கூடாது. நெக்ஸ்டை அழுத்தும்போது மட்டுமே விஸார்டு இதைக் கேட்கும் என்பது சரியல்ல. இருக்கும் பக்கமே கடைசிப் பக்கமா, நெக்ஸ்டைக் காட்டுவதா ஃபினிஷைக் காட்டுவதா என்று தீர்மானிப்பதற்காகவும் அது அவ்வப்போது இதைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஆகையால் நெக்ஸ்ட்ஐடி ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதோடு நின்றுவிட வேண்டும். ஒரு கோப்பைத் திறப்பது, ஒரு மதிப்பை மாற்றுவது போன்ற எந்தக் காரியத்தையும் அதற்குள் செய்யலாகாது.

முடிவுப் பக்கம் இன்னும் சுவாரஸ்யமானது. பயனர் ஒப்புக்கொள்ள வேண்டிய உரிம வாசகம் அங்கே வருகிறது. பரீட்சிப்பவருக்கு ஒன்று, பதிப்பை உயர்த்துபவருக்கு ஒன்று, புதிதாகப் பதிபவருக்கு ஒன்று என்று வாசகங்கள் மூன்று. எந்த வாசகத்தைக் காட்டுவது என்பதை அந்தப் பக்கம் எவ்வாறு அறிகிறது? பயனர் பரீட்சைப் பக்கத்தின் வழியாக வந்தாரா, விவரப் பக்கத்தின் வழியாக வந்தாரா என்று விஸார்டைக் கேட்கிறது. நடந்து வந்த பாதையே இங்கே ஒரு தகவலாகிவிடுகிறது. இப்போது ஒரு பயனர் முதலில் பரீட்சைப் பக்கத்துக்குப் போய், மனம் மாறிப் பேக்கை அழுத்தி, பதிவு வழியாக வந்து சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். ‘பரீட்சைப் பக்கத்தைப் பார்த்தார்’ என்பது சரித்திர உண்மைதான். ஆனால் அந்த உண்மையை நம்பினால் அவருக்குத் தவறான உரிமம் காட்டப்படும். இந்தப் பிழை நேராமல் காப்பது, கடந்த பக்கங்களின் எண்களை விஸார்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைக்கும் முறை. முன்னே செல்லும்போது அடுக்கின் மேல் ஓர் எண் ஏறுகிறது; பேக்கை அழுத்தும்போது மேலே இருக்கும் எண் எடுக்கப்பட்டுவிடுகிறது. ஆகவே அந்த அடுக்கு, பயனர் எங்கெல்லாம் அலைந்தார் என்பதன் பதிவு அன்று. இப்போது நிற்கும் இடத்துக்கு எந்த வழி செல்லுபடியாகிறது என்பதன் பதிவு. திரும்பி வந்தவர் போன வழியை விஸார்டு மறந்துவிடுகிறது. மறப்பதே இங்கே சரியான நடத்தை.

பக்கங்களுக்கு இடையே தகவல் செல்வதற்கு க்யூட் செய்திருக்கும் ஏற்பாட்டுக்கு ‘ஃபீல்டு’ என்று பெயர். ஒரு பக்கத்தில் இருக்கும் எழுத்துப் பெட்டிக்கு ‘ரிஜிஸ்டர்ஃபீல்டு’ மூலம் ஒரு பெயரைச் சூட்டிவிட்டால், வேறெந்தப் பக்கமும் அந்தப் பெயரைச் சொல்லி அதன் மதிப்பைக் கேட்டுப் பெறலாம். கேட்கிற பக்கத்துக்கு அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, எந்த வகையைச் சேர்ந்தது என்பதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. எழுத்துப் பெட்டியானால் அதிலுள்ள எழுத்து, தேர்வுக் கட்டமானால் அது குறிக்கப்பட்டதா இல்லையா, எண் பெட்டியானால் அந்த எண் என்று ஒவ்வொரு வகைக்கும் இயல்பான மதிப்பு வகுக்கப்பட்டிருக்கிறது. இதில் புதியவர்கள் அடிக்கடி இடறுவது காம்போ பெட்டியில். அதன் இயல்பான மதிப்பு, தேர்ந்தெடுத்த சொல் அன்று. பட்டியலில் அந்தச் சொல்லின் வரிசை எண். ‘மதுரை’ என்று வரும் என எதிர்பார்த்தவருக்கு 2 என்று வந்து நிற்கும். சொல்லே வேண்டுமானால் பதிவு செய்யும்போதே அதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

இனி, பதில்களைச் சரிபார்க்கும் விஷயம். பயனர் தவறாக எழுதினால் எப்போது சொல்வது என்பதற்கு க்யூட் இரண்டு ஸ்தானங்களை வகுத்திருக்கிறது. ஒன்று, ‘இஸ்கம்ப்ளீட்’: பக்கம் பூர்த்தியாகியிருக்கிறதா என்ற கேள்விக்கு அது இல்லை என்று சொல்கிறவரை நெக்ஸ்ட் பொத்தான் மங்கி, அழுத்த முடியாமல் இருக்கும். மற்றொன்று, ‘வேலிடேட்பேஜ்’: நெக்ஸ்டை அழுத்திய பிறகு விசாரித்து, ஆட்சேபம் இருந்தால் பயனரை அங்கேயே நிறுத்திவைக்கும். முன்னது ஒவ்வோர் எழுத்தைத் தட்டும்போதும் விசாரிக்கப்படக்கூடியதாதலால், கண நேரத்தில் முடிகிற சோதனைகளுக்கே ஏற்றது. ஒரு சர்வரைத் தொடர்புகொண்டு கடவுச்சொல் சரியா என்று கேட்பது போன்ற நெடிய சோதனைகள் பின்னதில்தான் இடம்பெற வேண்டும். மங்கிய பொத்தானுக்கு ஒரு பிரதிகூலம் உண்டு: அது மறுக்கிறதே ஒழியக் காரணம் சொல்வதில்லை. எதைப் பூர்த்தி செய்யவில்லை என்று தெரியாமல் பயனர் திகைத்து நிற்கும்படி விடாமல், குறைபட்ட கட்டத்தின் அருகிலேயே ஒரு வரி எழுதிக் காட்டுவது அதை அமைப்பவரின் கடமை.

ஓர் எழுத்துப் பெட்டியில் எழுதப்பட்டது ஏற்கத்தக்கதா என்று தீர்மானிக்கும் வேலிடேட்டர் என்ற சாதனமும் க்யூட்டில் இருக்கிறது. அது சரி, தவறு என்று இரண்டு தீர்ப்புகளோடு நில்லாமல், இடைநிலை என்று மூன்றாவது தீர்ப்பு ஒன்றையும் வைத்திருப்பது சிந்தனைக்குரியது. 100 முதல் 999 வரையுள்ள எண்தான் வேண்டும் என்று ஒரு பெட்டி விதித்திருக்க, பயனர் 4 என்று தட்டுகிறார். அது வரம்புக்குள் இல்லை என்பது உண்மை. ஆனால் அதைத் தவறென்று தள்ளினால் அவர் 450 என்று எழுதி முடிக்கவே முடியாது. அவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். ஆகவே வேலிடேட்டர் அதை இடைநிலை என்று ஏற்று, எழுத இடம் கொடுக்கிறது. ஆயினும் அந்த நிலையில் அந்தப் பெட்டி பூர்த்தியானதாகக் கருதப்படுவதில்லை. முடிவு பெறாததைப் பிழையென்று எண்ணாத இந்தப் பொறுமை, விஸார்டு முழுமைக்குமே இருக்க வேண்டிய இலட்சணம்.

அவசியம் நிரப்ப வேண்டிய ஃபீல்டைக் குறிப்பதற்கு, பதிவு செய்யும் பெயரின் இறுதியில் ஒரு நட்சத்திரக் குறி இட்டால் போதும். ஆனால் நிரப்பப்பட்டது என்பதை க்யூட் எவ்வாறு கண்டுகொள்கிறது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது: பெட்டியின் இப்போதைய மதிப்பு, அதன் ஆரம்ப மதிப்பிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும் என்பதே அதன் அளவுகோல். பயனருக்கு உதவி செய்வதாக எண்ணி, பக்கத்தை உருவாக்கும்போதே பெட்டியில் ஒரு நல்ல மதிப்பை எழுதிவைத்து, அந்த ஃபீல்டுக்கு நட்சத்திரக் குறியும் இட்டுவிட்டால், அந்த மதிப்பே போதுமென்று திருப்தியடைந்தவரால் மேலே செல்ல முடியாமல் போய்விடும். ஏதாவது ஓர் எழுத்தை மாற்றினால்தான் பொத்தான் விழித்துக்கொள்ளும். முன்கூட்டியே மதிப்பு எழுதப்பட்ட பெட்டிக்கு நட்சத்திரக் குறி வேண்டியதில்லை.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். ‘கிளாஸ் விஸார்டு’ என்ற மற்றோர் உதாரணம், சி பிளஸ் பிளஸ் கிளாஸ் ஒன்றின் ஆரம்ப நிரலை எழுதித் தருவது. ஒரு பக்கத்தில் கிளாஸின் பெயரைக் கேட்கிறது; பின்னால் வரும் பக்கத்தில் கோப்புகளின் பெயர்களை, கிளாஸின் பெயரைச் சிறிய எழுத்துகளாக்கித் தானே ஊகித்து எழுதிக் காட்டுகிறது. இந்த ஊகத்தைப் பக்கம் உருவாகும்போதே செய்ய இயலாது; அப்போது கிளாஸின் பெயர் தெரியாது. ஆகையால், ஒரு பக்கம் காட்டப்படுவதற்குச் சற்று முன்பாக அழைக்கப்படும் ‘இனிஷியலைஸ்பேஜ்’ என்ற ஃபங்ஷனில் அது செய்யப்படுகிறது. பயனர் அந்தக் கோப்புப் பெயர்களைப் பார்த்தபின், பேக்கை அழுத்தித் திரும்பிச் சென்று கிளாஸின் பெயரை மாற்றுகிறார். பழைய கோப்புப் பெயர்கள் அப்படியே இருந்துவிட்டால், புதிய கிளாஸ் பழைய பெயருள்ள கோப்பில் எழுதப்பட்டுவிடும். இதைத் தடுக்கவே, பேக்கை அழுத்தி ஒரு பக்கத்தை விட்டு வெளியேறும்போது ‘க்ளீன்அப்பேஜ்’ என்ற ஃபங்ஷன் அழைக்கப்பட்டு, அந்தப் பக்கத்தின் ஃபீல்டுகள் ஆரம்ப மதிப்புக்குத் திரும்பிவிடுகின்றன. மறுபடி முன்னே வரும்போது இனிஷியலைஸ்பேஜ் புதிய பெயரைக் கொண்டு புதிதாக ஊகிக்கிறது.

தர்க்கத்துக்கு இது முற்றும் பொருந்தினாலும், பயனரின் அனுபவத்தில் இதற்கு வேறொரு முகம் உண்டு. கோப்புப் பெயர்களைத் தம் இஷ்டப்படி திருத்தி எழுதிவிட்டு, கிளாஸின் பெயரைச் சரியாகத்தான் எழுதினோமா என்று ஒரு சந்தேகத்தால் பின்னே சென்று பார்த்து, ஒன்றையும் மாற்றாமல் திரும்பி வருகிறவரின் திருத்தங்களும் அழிந்துபோய்விடும். எட்டிப் பார்த்ததற்கே தண்டனை கிடைத்தால், அடுத்த முறை அவர் பேக் பொத்தானைத் தொடவே தயங்குவார். பெயரளவில் இருக்கிற ஓர் உரிமை, பயத்தினால் இல்லாததாகிவிடும். இதற்கு க்யூட் வைத்திருக்கும் பரிகாரம் ‘இண்டிபெண்டன்ட்பேஜஸ்’ என்ற விருப்பம்: பக்கங்கள் ஒன்றையொன்று சாராதவை என்று விஸார்டுக்கு அறிவித்துவிட்டால், பேக்கை அழுத்தும்போது எதுவும் துடைக்கப்படாது. ஆனால் கிளாஸ் விஸார்டைப் போலப் பக்கங்கள் சார்ந்திருக்கும் இடத்தில் அந்த அறிவிப்பு பொய்யாகிவிடும். அத்தகைய இடங்களில் சிரமத்தைப் பாராமல் செய்ய வேண்டியது, க்ளீன்அப்பேஜைத் தாமே திருத்தி எழுதி மதிப்புகளைக் காப்பாற்றிவைத்துக்கொண்டு, ஊகத்துக்கு ஆதாரமாக இருந்த கிளாஸ் பெயர் எது என்பதையும் நினைவில் வைத்து, மறுபடி பக்கம் திறக்கும்போது ஆதாரம் மாறியிருந்தால் மட்டும் புதிதாக ஊகிப்பது. இயந்திரம் ஊகித்து எழுதியதை இயந்திரம் அழிக்கலாம். மனிதர் கையால் எழுதியதை, காரணமின்றி அது அழிக்கக் கூடாது.

திரும்பி வரும் உரிமைக்கு இன்னொரு முன்நிபந்தனையும் இருக்கிறது: பக்கங்களைக் கடக்கும்போது வெளியுலகில் எதுவும் மாறியிருக்கக் கூடாது. ஒரு கிரயப் பத்திரத்தை எழுதித் தருகிற பத்திர எழுத்தர், வாங்குவோர் விற்போர் பெயர்களையும், சர்வே எண்ணையும், நான்கெல்லையையும் ஒவ்வொன்றாகக் கேட்டு முதலில் ஒரு வரைவைத்தான் தயாரிக்கிறார். வரைவில் எத்தனை முறை அடித்துத் திருத்தினாலும் நிலம் கைமாறுவதில்லை. சார்பதிவாளர் முன் பதிவாகிவிட்ட பிறகோ, ஒரு பிழையைத் திருத்துவதற்கே மற்றொரு பத்திரம் தேவைப்படுகிறது. கிளாஸ் விஸார்டும் அவ்வாறே நடந்துகொள்கிறது: கேள்விகள் முழுவதும் முடிந்து, ஃபினிஷை அழுத்திய பிறகு அழைக்கப்படும் ‘அக்செப்ட்’ என்ற ஃபங்ஷனில்தான் கோப்புகள் டிஸ்க்கில் எழுதப்படுகின்றன. அதற்கு முன் எந்த இடத்தில் கேன்சலை அழுத்தினாலும் துடைக்க வேண்டியது ஒன்றும் இராது. இரண்டாம் பக்கத்திலேயே ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, மூன்றாம் பக்கத்தில் ஒரு கணக்கைத் திறந்து என்று வழிநெடுகக் காரியங்களைச் செய்துகொண்டே போகிற விஸார்டுக்கு, பேக் பொத்தான் ஒவ்வொன்றும் ஒரு பொய்யான வாக்குறுதி.

சில வேலைகளில் நடுவழியிலேயே மீளாத காரியம் ஒன்றைச் செய்துதான் ஆக வேண்டும்; டிஸ்க்கைப் பிரித்து ஃபார்மட் செய்தபின் அதன்மேல் மென்பொருளை நிறுவுவது இத்தகையது. அப்போது அந்த எல்லையை மறைக்காமல் காட்டுவதே நேர்மை. க்யூட்டில் ஒரு பக்கத்தைக் ‘கமிட்’ பக்கம் என்று அறிவித்தால், அங்கே நெக்ஸ்டுக்குப் பதிலாகக் கமிட் என்ற பொத்தான் வருகிறது. அதைக் கடந்து சென்ற பக்கத்தில் பேக் பொத்தான் வேலை செய்வதில்லை. க்நோம் மேசைத்தளத்துக்கு ஆதாரமான ஜிடிகே டூல்கிட் 2006இல் சேர்த்துக்கொண்ட ‘ஜிடிகே அசிஸ்டன்ட்’ இதே கருத்தை வேறொரு வழியில் செயற்படுத்துகிறது: அறிமுகம், உள்ளடக்கம், உறுதிப்படுத்தல், முன்னேற்றம், சுருக்கம் என்று பக்கங்களுக்கு ஜாதி வகுத்து, மீளாத கட்டம் வந்ததும் கமிட் என்ற ஃபங்ஷனை அழைத்தால், கடந்து வந்த பக்கங்களின் வரலாறு அழிக்கப்பட்டு, பேக், கேன்சல் ஆகிய இரண்டு பொத்தான்களுமே மறைந்துவிடும். நடந்துவிட்டதை நடக்காததாகக் காட்டுவதைவிட, கதவு சாத்தப்பட்டதை அறிவிப்பது மேல் என்பதில் இரண்டு டூல்கிட்களும் ஒரே அபிப்பிராயம் கொண்டவை.

தோற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். க்யூட்டில் கிளாசிக், மாடர்ன், மேக், ஏரோ என்று நான்கு பாணிகள் உண்டு. விண்டோஸில் ஒரு விதமாகவும் மேக்கில் மற்றொரு விதமாகவும் இருக்கும் வழக்கத்துக்கு ஏற்ப, அதே பக்கங்கள் வேறு உடை உடுத்திக்கொள்கின்றன. ஏரோ பாணி விண்டோஸ் விஸ்டாவுடன் வந்தது. பேக் பொத்தானை அடிவரிசையிலிருந்து எடுத்து இடது மேல் மூலையில் அம்புக்குறியாக வைத்ததும், வெறும் வரவேற்புக்காக ஒரு பக்கத்தைச் செலவிட வேண்டாம் என்று வழிகாட்டியதும், கமிட் பொத்தானில் ‘பிரிண்ட்’, ‘கனெக்ட்’ என்று நடக்கப்போகும் காரியத்தின் பெயரையே எழுதச் சொன்னதும் அந்தக் காலத்து மாற்றங்கள். தமிழில் விஸார்டை அமைப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் அடங்கும் பொத்தானின் பெயர் தமிழில் இரு மடங்கு இடம் கேட்கும், ஆகவே பக்கத்தின் பகுதிகளைப் பிக்சல் கணக்கில் ஓரிடத்தில் பதித்துவிடாமல், எழுத்தின் நீளத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்குகிற லேஅவுட்டுகளிடம் ஒப்படைப்பதே விவேகம்.

விஸார்டு எல்லா இடத்துக்கும் ஏற்ற சாதனம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அபூர்வமாகச் செய்கிற, பல தீர்மானங்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கிற, முன் அனுபவம் எதிர்பார்க்க இயலாத காரியங்களுக்கு அது மிகவும் பொருந்தும். நாள்தோறும் ஐம்பது பில் போடுகிற ஒருவரை ஒவ்வொரு பில்லுக்கும் ஐந்து பக்கம் நடக்கவைப்பது கொடுமை. அவருக்கு எல்லாக் கட்டங்களும் ஒரே பார்வையில் தெரிகிற ஒற்றைப் படிவமே அனுகூலமானது. இரண்டே கேள்விகளுக்கு விஸார்டு அநாவசியம். கேள்விகள் ஒன்றையொன்று சாராமல் இருக்குமானால், தாவல்களைப் பறித்ததற்கே நியாயம் இல்லாமல் போகிறது. 2023இல் வந்த ஜிடிகே 4.10 பதிப்பு, ஜிடிகே அசிஸ்டன்டை இனிப் பயன்படுத்த வேண்டாத பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால் அந்தச் சாளரத்தின் உருவம் வழக்கொழிந்தாலும், படிப்படியாகக் கேட்டுக் கடைசியில் செய்வது என்ற முறை, ரயில் டிக்கெட் பதிவிலும் பணப் பரிமாற்றத்திலும் பெயர் மாறி வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகவே, விஸார்டு ஒன்றை அமைக்க முற்படுகிறவர், முதற் பக்கத்தில் எந்தப் படத்தை வைக்கலாம் என்று யோசிப்பதிலிருந்து தொடங்காமல், கடைசியில் ஒரே மூச்சில் செய்யப்போகிற காரியம் எது, அதற்கு எந்தெந்த மதிப்புகள் இன்றியமையாதவை என்று எழுதிக்கொள்ள வேண்டும். அந்த மதிப்புகளில் இயந்திரமே அறிந்துகொள்ளக் கூடியவற்றை அடித்துவிட்டால், எஞ்சியவைதான் கேள்விகள். எது எதைச் சார்ந்திருக்கிறது என்று அவற்றுக்கிடையே கோடிட்டால், பக்கங்களின் கிரமம் தானாகக் கிடைத்துவிடும். பிறகு ஒவ்வொரு பக்கத்தின்மேலும் விரலை வைத்து, இங்கிருந்து ஒருவர் பின்னே சென்று, ஒன்றை மாற்றிக்கொண்டு மறுபடி வந்தால் எது நிலைக்கும், எது மாறும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்குத் தெளிவான விடை இல்லாத பக்கம் ஒன்று இருக்குமானால், அதை நிரலாக எழுதத் தொடங்குவதற்கு இன்னும் காலம் வரவில்லை.